கூவலுக்கு விட்ட இடம்

லா பாண்டாவில் மதியத் தூக்க நேரத்தில் பியானோ வாசிப்பவரை யாரும் மன்னிப்பதில்லை. திருடனுக்குக்கூட அந்த ஊரில் ஒரு வக்கீல் கிடைத்துவிடுவார். அந்த வேளையில் சத்தம் போட்டவருக்குக் கிடைக்க மாட்டார். கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். நாய்கள் சுவரோரம் சரிந்துவிடும். ஆற்றைத் தாண்டி பக்கத்து நகரமான சந்தியாகோவுக்குப் போகும் பேருந்துகூட ஹாரன் அடிக்காமல் ஊர்ந்துதான் போகும்.

எல்விரா சயாகோ தன் வாழ்நாளின் இசை முழுவதையும் இந்த நேரத்தில்தான் எழுதினாள். காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு. இடையில் இருந்த வெற்று வேளை இது ஒன்றுதான். ஆகவே பியானோவின் மூடியைத் திறக்காமலே, சமையலறை மேசையின் மெழுகுத் துணி விரிப்பில் விரல்நுனியால் தட்டித் தட்டி, வயலின்களையும் கொம்புகளையும் தலைக்குள்ளேயே கேட்டு எழுதினாள். தாள்கள் பறக்கும் என்பதால் மின்விசிறியையும் நிறுத்திவிடுவாள். நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை தாளில் விழுந்து ஒரு சுரம் கரைந்தால், அந்தச் சுரம் அங்கே இருக்க விரும்பவில்லை போலும் என்று அடித்துவிடுவாள்.

அவளுடைய இசையில் மௌனங்கள் அதிகம். தலைநகர் புவெனஸ் ஐரிஸில் உதவித்தொகையில் படித்த காலத்தில் அவளுடைய பேராசிரியர் ஒருநாள் அவள் எழுதிய தாளைத் தூக்கிப் பிடித்து வகுப்பின் முன்னால் கேட்டார்.

"இத்தனை மௌனம் எழுத எங்கம்மா கத்துக்கிட்ட?"

"எங்க ஊர்லதான் சார். மத்தியானம் ரெண்டு மணிக்கு."

வகுப்பு சிரித்தது. அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அவளுடைய தகப்பனார் சிக்ஸ்தோ சயாகோ ரயில்வே பட்டறையில் கொல்லர். சனிக்கிழமையானால் வயலினை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கிய ஏதாவது ஒரு மண்முற்றத்தில் ஆட்டம் இருக்கும். வயலினை மோவாயில் வைக்காமல் நெஞ்சில் சாய்த்து வாசிப்பவர் அவர். எங்கள் பக்கத்து சாக்கரேரா ஆட்டத்தில், முதலில் வாத்தியங்கள் ஒரு சிறு முன்னிசை வாசிக்கும். ஜோடிகள் எதிரெதிரே நின்று கைகளை உயர்த்திக் காத்திருப்பார்கள். முன்னிசை முடியும் இடத்தில் ஒருவர் "ஆதென்த்ரோ!" என்று கூவுவார். உள்ளே வாருங்கள் என்று பொருள். அதைக் கேட்ட பிறகுதான் கால்கள் நகரும். லா பாண்டாவில் அதைக் கூவுகிறவர் சிக்ஸ்தோ. அவருடைய கூவல் எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாகத்தான் வரும். அந்த மயிரிழை நேரம் முற்றம் முழுவதும் அந்தரத்தில் நிற்கும். உயர்ந்த கைகள், பிடித்த மூச்சு, தூக்கிய குதிகால். பிறகு அவர் குரல். எல்லோரும் ஒன்றாகத் தரையில் இறங்குவார்கள்.

எல்விரா அந்த மயிரிழையைச் சிறுமியாக இருந்தபோதே கவனித்துவிட்டாள். அவள் தம்பி நிக்கானோர் அந்தக் கூவலைக் கவனித்தான். இருவருக்கும் இடையே பின்னால் நேர்ந்தவை எல்லாம் ஒருவகையில் இதிலிருந்தே வந்தவை.

நிக்கானோர் படிப்பில் நிற்கவில்லை. சோடா வண்டி ஓட்டினான். அழுத்தினால் பீச்சும் பாட்டில்களைக் கூடை கூடையாக அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்றதில், மூன்று தெரு தள்ளித் தொட்டியில் துணி துவைக்கும் பெண்ணை எட்டும் குரல் அவனுக்கு வாய்த்தது. சனிக்கிழமைகளில் அப்பாவின் பக்கத்தில் நின்று பெரிய தோல்முரசு அடித்தான். அக்கா புவெனஸ் ஐரிஸில் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவளுடைய நால்வர் இசை ஒன்று அங்கே அரங்கேறியதைச் சொல்ல, அவன் மாத்தே இலைத் தேநீர்க் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே விசாரித்தான்.

"எத்தன பேரு வந்தாங்க?"

"சின்ன அரங்கம்டா."

"அதான் எத்தன பேரு?"

"மூணு வரிசை நிறைஞ்சிருந்தது."

"மேடைல நாலு பேரு வாசிச்சிருப்பாங்க, கீழ அஞ்சு பேரு உக்காந்திருப்பாங்க, அதுல ஒருத்தர் வாட்ச்மேன். சரியா?"

"வாட்ச்மேன் நின்னுக்கிட்டு இருந்தாரு," என்றாள் எல்விரா. சிக்ஸ்தோ விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காலத்தில் அப்படிச் சிரிக்க முடிந்தது.

தகப்பனார் இறந்தது பட்டறை மூடப்பட்ட ஆண்டில். வீட்டின் முன்கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சாயங்காலம் நிக்கானோரும் அவனுடைய கூட்டாளிகளும் முரசோடும் கிதாரோடும் வந்து நின்றார்கள். வாசித்து, கூவி, ஆடி அவரை அனுப்பி வைப்பது அவர்கள் எண்ணம். அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார். எல்விரா அதற்கு முந்தைய இரவுகளை ஆஸ்பத்திரி நாற்காலியில் கழித்திருந்தாள். வாசலுக்கு வந்து, தாழ்ந்த குரலில், எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னாள்.

"வேணாம் நிக்கோ. ஒரே ஒரு தடவையாவது அவர அமைதியா இருக்க விடுங்க."

நிக்கானோர் முரசைச் சுவரில் சாய்த்துவைத்தான். மறுநாள் சிக்ஸ்தோ சயாகோ ஒரு கம்பி கூட மீட்டப்படாமல் மயானம் போனார். லா பாண்டாவில் ஓர் இசைக்காரர் அப்படிப் போனதாக அதற்கு முன்பு யாரும் கேள்விப்பட்டதில்லை.

அதன் பிறகும் நிக்கானோர் அக்கா வீட்டுக்கு வந்தான். சோடா பாட்டில்களை இறக்கினான், காலி பாட்டில்களை எடுத்தான், பிறந்தநாள்களுக்குப் பிள்ளைகளோடு வந்து இறைச்சி வைத்த எம்பனாதா சாப்பிட்டான். ஆனால் அவள் இசை வாசிக்கப்படும் இடத்துக்கு மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கு எதுக்கு டீச்சரம்மா? உன் பாட்டுல முக்கால்வாசி மௌனம். அத நான் வீட்லயே கேட்டுக்குவேன்."

இப்படியே பல ஆண்டுகள் போயின. எல்விராவுக்கு ஐம்பதைத் தாண்டியது. மாகாண இசைக்குழு உள்ளூர்க்காரர் ஒருவரின் புதிய படைப்பை வாசிக்க முடிவுசெய்து அவளிடம் கேட்டபோது, அவள் அன்று மதியமே சமையலறை மேசையில் உட்கார்ந்துவிட்டாள். தகப்பனாருக்காக ஒன்று எழுதவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சாக்கரேராவை அப்படியே தூக்கி வைக்க அவள் கற்ற கல்வி இடம் தரவில்லை. விட்டுவிட மனம் இடம் தரவில்லை. மெட்டைப் பிரித்தாள். சுரங்களை எல்லாம் மாற்றினாள். இதமான ஒலி என்று காதில் ஒன்றும் தங்காதபடி கரடுமுரடான அடுக்குகளாகக் கட்டினாள். தாளத்தின் எலும்பை மட்டும் உள்ளே வைத்தாள். முன்னிசை முடியும் இடத்தில் முழு இசைக்குழுவையும் நிறுத்தினாள். அப்பாவின் அந்த மயிரிழையை இழுத்து நீட்டி, மூச்சு முட்டும் அளவுக்கு நீண்ட ஒரு மௌனம் வைத்தாள். அங்கே அவர் கூவியிருப்பார். இப்போது கூவ ஆளில்லை. மௌனத்தின் மறுபுறம் அத்தனை வாத்தியங்களும் ஒன்றாகத் தரையில் இறங்கும். அவ்வளவுதான் படைப்பு. மீதியெல்லாம் அதற்குப் போகும் வழியும் அதிலிருந்து திரும்பும் வழியும்.

இதை நிக்கானோர் கேட்கவேண்டும். பாராட்ட வேண்டாம், கேட்டால் போதும். அன்று முன்வாசலில் தான் நிறுத்தியது என்ன என்பது தனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்ல அவளுக்கு வேறு மொழி இல்லை.

அவன் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கச்சேரிக்கு வரணும் நீ."

"சந்தியாகோவுக்கா? வண்டிக்கு டயர் சரியில்ல."

"அப்பாவுக்காக எழுதியிருக்கேன்டா."

நிக்கானோர் கையிலிருந்த பாட்டிலைத் துடைத்தான். துடைத்த பாட்டிலையே மறுபடியும் துடைத்தான்.

"அதுல எத்தன நிமிஷம் மௌனம்?"

"ஒரே எடத்துலதான். நீ கண்டுபிடிச்சிடுவ."

"கோட்டு போடணுமா?"

"சுத்தமான சட்ட போதும்."

"அப்ப எம் பொண்டாட்டிகிட்டதான் கேக்கணும்," என்றான். வருவதாகத்தான் அர்த்தம்.

இசைக்குழுவை நடத்த புவெனஸ் ஐரிஸிலிருந்து ஒக்தாவியோ ரினால்டி வந்திருந்தார். மெல்லிய, கவனமான மனிதர். ஒத்திகையில் அந்த மௌனத்துக்கு வந்ததும் கோலைக் காற்றில் நிறுத்தி, கண்ணை மூடி நின்றார். பிறகு எல்விராவின் பக்கம் திரும்பினார்.

"இந்த ஒரு இடம் போதும் எல்விரா. பதிவு மட்டும் நல்லா வந்துட்டா, அடுத்த வருஷம் தலைநகர்ல இத நான் வாசிக்கறேன். தேர்வுக் குழுவுக்கு ஒலிப்பதிவு அனுப்பணும், அவ்வளவுதான். அந்த மௌனத்துல ஒரு இருமல்கூட விழக்கூடாது."

இருமலைப் பற்றி எல்லோரும் யோசித்தார்கள். ஏசி இரைகிறது என்று அதை அணைத்துவிட ஏற்பாடு செய்தார்கள். கோடை நெருங்கும் நவம்பர் வெக்கையில் மக்கள் மயங்கி விழாமல் இருக்க, அரங்கத்தின் பக்கக் கதவைத் திறந்துவைத்து, அந்தச் சந்தில் வண்டி நுழையாதபடி ஒரு காவலரையும் நிறுத்தினார்கள். சந்தில் முன்பே நின்றிருந்த ஒரு சோடா வண்டியை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்துவிட்டது. ரயில்வே ஓய்வூதியக்காரர்கள், எல்விராவிடம் பாட்டுப் படித்தவர்கள், அவர்களுடைய அம்மாக்கள், சிக்ஸ்தோவின் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்விரா மூன்றாவது வரிசையில். நிக்கானோர் அவளுக்குப் பின்னால் சுவரோரமாக, கழுத்துப் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டையில், தண்டனைக்கு வந்தவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

முன்னிசை தொடங்கியது. செல்லோக்கள் உரசின. கொம்புகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத சுரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றன. எல்விராவுக்கு முன்னால் இருந்த அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், "இன்னும் சுதி சேக்கறாங்களா?" என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. ஆனால் சற்று நேரத்தில் அந்த அம்மாளின் விசிறி ஆட்டத்தின் போக்கு மாறியது. முன் வரிசையில் ஒரு கிழவரின் செருப்பு தரையைத் தொட்டது, எடுத்தது, தொட்டது. புவெனஸ் ஐரிஸ்காரர்கள் யாருக்கும் தெரியாதபடி எல்விரா ஒளித்துவைத்த தாளத்தின் எலும்பை இவர்கள் தேடவே இல்லை. கால்கள் தாமாகவே போய் அதன்மேல் நின்றுவிட்டன.

கடைசி அடி விழுந்தது. ரினால்டியின் கோல் காற்றில் நின்றது. மௌனம் தொடங்கியது.

"ஆதென்த்ரோ...!"

மூன்று தெரு தாண்டும் குரல். கூரையில் பட்டு இறங்கியது. பிறகு அரங்கம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. பின்னால் நான்கைந்து பேர் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். யாரோ சீழ்க்கை அடித்தார்கள்.

"யாருய்யா அது?"

"நம்ம சோடாக்காரன்!"

"சிக்ஸ்தோ மவன்! அப்பங் கொரல் அப்படியே இருக்கு பாரு!"

ரினால்டி கோலைத் தாழ்த்தினார். ஒலிப்பதிவாளர் தன் மேசையிலிருந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். எல்விரா திரும்பிப் பார்த்தாள். நிக்கானோரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவன் வாயைப் பொத்திய கை இன்னும் வாயிலேயே இருந்தது. எழுந்தான். நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, யார் காலையோ மிதித்து, பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டான்.

"மன்னிக்கணும்," என்றார் ரினால்டி, அரங்கத்தைப் பார்த்து. குரலில் கோபம் இல்லை. "ஒலிப்பதிவு நடக்குது. மறுபடியும் முதல்லேருந்து வாசிக்கறோம். தயவுசெஞ்சு..." வாக்கியத்தை அவர் முடிக்கவேண்டியிருக்கவில்லை. சனங்கள் திருப்பலிக்கு வந்தவர்களைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தட்டிய செருப்புகள் நாற்காலிக்கு அடியில் போயின. அவர் எல்விராவைப் பார்த்தார்.

எல்விரா எழுந்துவிட்டிருந்தாள். தொடங்குங்கள் என்று கையைக் காட்டினாள். பிறகு, தன் படைப்பின் அரங்கேற்றத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கக் கதவை நோக்கி நடந்தாள்.

நிக்கானோர் சோடா வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்திருந்தான். கழுத்துப் பட்டன் திறந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான்.

"உள்ள போ எல்வி. உள்ள போ. ஆரம்பிச்சிட்டாங்க."

"கேக்குது."

"நான் வேணும்னு பண்ணல. என் தலமேல சத்தியமா. அந்த எடம் வந்துச்சு, அப்பா நின்னாரு, யாரும் கூப்பிடல, அது பாட்டுக்கு வாயிலேருந்து..." அவன் நிறுத்தினான். "உன் வாழ்க்கைய நாசம் பண்ணிட்டேன்ல?"

"நகரு," என்றாள். அவன் நகர்ந்தான். அவளும் பின்தட்டில் ஏறி உட்கார்ந்தாள். காலி பாட்டில்கள் கிணுகிணுத்தன. சந்தின் முனையில் நின்ற காவலர் திரும்பிப் பார்த்துவிட்டு, இவர்கள் ஏதோ குடும்பத் தகராறு என்று முடிவுசெய்து மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

திறந்த கதவு வழியாகச் செல்லோக்கள் வந்தன. சந்தின் சுவர்களில் பட்டு அவை மேடையில் இருந்ததைவிட அருகில் ஒலித்தன. நிக்கானோரின் விரல்கள் தாமாகவே முழங்காலில் அடிக்கத் தொடங்கின. அதைக் கவனித்ததும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

"அன்னிக்கு வாசல்ல," என்றாள் எல்விரா.

"விடு."

"விடல. பதினஞ்சு வருஷமா விட முடியல. அந்த எடத்துல அத எழுதி வச்சிருக்கேன்."

"மௌனத்தையா?"

"நான் உங்கள வாய மூட வச்சத."

நிக்கானோர் கதவைப் பார்த்தபடி இருந்தான். கொம்புகள் ஏறின. முன்னிசையின் கடைசிச் சுற்று வந்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்தது. அரங்கத்துக்குள் முந்நூறு பேர் இருமலை விழுங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒலிப்பதிவு மேசையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைநகரில் வாசிக்கப்படுவதும் படாததும் வரப்போகிற அந்த ஒரு மௌனத்தில்தான் இருந்தது. கடைசி அடி விழுந்தது.

மௌனம்.

சந்து, அரங்கம், தெரு எல்லாம் ஒன்றாக நின்றன. நிக்கானோர் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். எல்விரா அவனைப் பார்த்தாள்.

"சொல்லுடா," என்றாள்.

அவன் நம்பாமல் திரும்பினான். அவள் தலையசைத்தாள்.

மெல்லத்தான் சொல்ல நினைத்தான். அப்படித்தான் பின்னால் எல்லோரிடமும் சாதித்தான். ஆனால் முப்பது வருடம் சோடா விற்றவனுக்கு மெல்லச் சொல்லத் தெரியாது. "ஆதென்த்ரோ" என்று அது சந்தில் கிளம்பி, சுவரில் உரசி, பக்கக் கதவில் நுழைந்தது. அதன் வால் ஓயும் முன்பே உள்ளே அத்தனை வாத்தியங்களும் ஒன்றாகத் தரையில் இறங்கின.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ரினால்டியும் நிறுத்தவில்லை. நிக்கானோர் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து, காலிக் கூடை ஒன்றின்மேல் விரல்நுனியால், சமையலறை மேசையில் அக்கா தட்டுவதைப் போல மிக லேசாகத் தட்டிக்கொண்டிருந்தான், படைப்பு முடியும்வரை.

அடுத்த வாரம் ஒலிப்பதிவாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"தோன்யா எல்விரா, பதிவு பிரமாதமா வந்திருக்கு. ஒரே ஒரு சின்ன விஷயம். அந்த மௌனத்தோட கடைசில, ரொம்பத் தூரத்துலேருந்து யாரோ கத்தற மாதிரி ஒரு தெருச் சத்தம். அத நான் துடைச்சு எடுத்துட முடியும். மாயெஸ்த்ரோ ரினால்டியும் உங்களக் கேக்கச் சொன்னாரு."

"அது தெருச் சத்தம் இல்ல. இருக்கட்டும்."

"தேர்வுக் குழு என்ன சொல்லுமோ..."

"இருக்கட்டும்ப்பா."

தேர்வுக் குழு அந்த ஆண்டு வேறொருவரின் படைப்பைத் தேர்ந்தெடுத்தது. ரினால்டி வருத்தத்தோடு எழுதியிருந்தார். எல்விரா அன்றும் மதியம் மின்விசிறியை நிறுத்திவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். பதிவின் பிரதி ஒன்று அவளுக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை நிக்கானோர் சோடா இறக்க வந்தபோது அதைப் போட்டுக் காட்டினாள். அவன் ஈரக் கையோடு நின்றபடியே கேட்டான். அந்த இடம் வந்தது, போனது. அவன் முகத்தைச் சுளித்தான்.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டாள்.

"கொஞ்சம் லேட்டா வந்துட்டேன். பாரு, உங்க ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க. ஆட்டம் நடக்கற முத்தமா இருந்தா பாதிப் பேரு தடுக்கி விழுந்திருப்பாங்க."

"அப்பாவும் எப்பவும் கொஞ்சம் லேட்டுதான்," என்றாள் எல்விரா.

நிக்கானோர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அப்ப இன்னொரு வாட்டி போடு," என்றான்.